பேராசிரியரின் கழுத்து மறு

1
இந்தக் கதை ஒரு ரிப்பனிலிருந்து வந்தது. மைக்ரோஸ்கோப் எனும் நுணுக்குக்காட்டி ஒன்றுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டித் திறப்பு விழாவுக்கு வைத்திருந்ததை எங்கோ கண்டேன், சிரிப்பு வந்தது, எழுத உட்கார்ந்தேன். கல்முனைக்கும் கடலுக்கும் நடுவே ஓர் அரச பல்கலைக்கழகத்தையும் நானே கட்டிக்கொண்டேன். தேடிப் போகாதீர்கள்.

முதல் வரி: "கடற்காற்று வீசிய அந்தக் காலையில் விரிவுரையாளர் ஸுஹைறா..."

(விட்டுவிட்டேன். ஆய்வுகூடத்தில் ஏசி. யன்னல் திறக்காது.)

2
நோயியல் துறைக்குத் தலைவர், பெயர்ப்பலகை, பூச்சாடி எல்லாம் வந்துவிட்டன. நோய்தான் வரவில்லை. திறப்பு விழாவில் விருந்தினர் பார்க்க ஒரு ஸ்லைட்டாவது வேண்டுமே! துறைத்தலைவர் பேராசிரியர் ஸலாஹுதீன், தன் கழுத்திலிருந்து வெட்டியெடுத்த மறுவையே துறைக்குக் கொடுத்தார். "சும்மா மறுதான்" என்று பார்க்காமலே தீர்ப்பும் சொன்னார். தலைவரான பிறகு அவர் நுணுக்குக்காட்டியைத் தொட்டதில்லை.

விழாக் காலையில்தான் ஸ்லைட் தயாரானது. சரிபார்க்கக் குனிந்த ஸுஹைறா நிமிர நேரமெடுத்தாள். புற்றுநோய்.

3
"சேர், இத வெக்க வேணாம்."

"ஏன், வடிவாத் தெரியல்லியா?"

"வடிவாத் தெரியிது சேர். அதான் பயமா இரிக்கி."

"கலர் பத்தாட்டிக் கூட்டுங்க. பிரதம விருந்தினர் பக்கத்தூருக்கு, சாய்ந்தமருதுக்கு வந்திட்டாராம்."

"சேர், இது மறு இல்ல."

அவர் டையைச் சரிசெய்தார். "விழா முடியட்டும். கதைப்பம்."

(முதல் பிரதியில் அவரை முட்டாளாக்கியிருந்தேன். அழித்துவிட்டேன். டையைச் சரிசெய்த விரல் கழுத்துத் தழும்பை ஒருமுறை தொட்டுப் பார்த்ததை ஸுஹைறா கண்டுவிட்டாள்.)

4
விருந்தினர் ரிப்பனை வெட்டி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! பூ மாதிரி இரிக்கி! இது என்ன வருத்தம், என்ன நோய்?"

கைதட்டல் அடங்கியது. "எங்கட விரிவுரையாளர் விளக்குவாங்க" என்றார் பேராசிரியர்.

ஸுஹைறா விருந்தினரைவிட்டுப் பேராசிரியரைப் பார்த்தாள். "மன்னிக்கணும். அத நோயாளிக்குத்தான் முதல்ல சொல்லணும்."

விருந்தினர் மெச்சித் தலையாட்டி, சிற்றுண்டிப் பக்கம் நகர்ந்தார். கூட்டமும் பின்னால் போனது.

5
ஒரு முடிவில் பேராசிரியர் விருந்தினருக்குப் பற்றிஸ் பரிமாறப் போகிறார். இன்னொன்றில் மேடையில் அழுகிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொய்.

அவர் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்தார். தயங்கித் தயங்கித் திருகினார். பிறகு கை பழைய வேகத்துக்கு வந்தது. ஸ்லைடை ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தார். ஒரு மூலைக்கு வந்ததும் கண் கலங்கி மறைத்தது.

"ஓரம் சுத்தமா இரிக்கா டொக்டர்?"

(ஓரத்தில் புற்று இல்லையென்றால் முழுவதும் வெட்டுப்பட்டுவிட்டது என்று ஆறுதல்கொள்ளலாம். இருந்தால், உடம்பில் மிச்சம் இருக்கிறது.)

ஸுஹைறா வாயைத் திறந்தாள். பதிலை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். இரக்கப்பட்டுப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கப்போகிறார்.