கால் பைண்ட் எண்ணெய்

பெரில் ட்ரான்டரின் மனநிம்மதிக்கு விலை ஒரு பவுண்டு ஏழு பென்ஸ். லிட்டர் ஏழரைப் பவுண்டுக்கு விற்கும் சாதாரண இருபதாம் நம்பர் எண்ணெயில் கால் பைண்ட், அதாவது நூற்று நாற்பது மில்லி, ஊற்றினால் போதும். அவள் கணவனின் பிஎஸ்ஏ பைக்கில், சங்கிலியும் க்ளட்சும் கிடக்கும் பிரைமரி பெட்டிக்கு அதற்கு மேல் கொள்ளாது. க்ளைவ் ப்ளூமர் அவள் வீட்டுக் கொட்டகையில் நின்றபடியே இந்த மனக்கணக்கைப் போட்டு முடித்துவிட்டான். வாய்விட்டுச் சொல்லத்தான் இல்லை.

லயனல் ட்ரான்டர் போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவனும் க்ளைவும் முப்பத்தொரு வருடம் ஒரே பைக் கிளப்பில் இருந்தவர்கள். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு தோள்களில் ஒன்று க்ளைவுடையது. பழைய பைக் வாங்கி விற்பது அவன் பிழைப்பு. இரங்கல் அட்டையில் கையெழுத்துப் போடும்போதே செத்தவன் கொட்டகையில் என்ன வண்டி நிற்கிறது என்று நினைத்துப் பார்க்கிற பிழைப்பு.

தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். மேட்டில் மூன்றாவது கியரில் எஞ்சின் மட்டும் அலறியது, வண்டி நகர மறுத்தது. க்ளட்ச் வழுக்குகிறது. பிரைமரி பெட்டியின் மூடியைத் திருகி, விரலை நனைத்து மோந்தான். கார் எண்ணெய், அதுவும் புது ரகம்.

"அது நான் ஊத்தினது, க்ளைவ்," என்றாள் பெரில். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் சொன்னார். 'எண்ணெய மட்டும் மாத்தி வை பெரில், வந்து ஓட்டணும்'னார். அவரால குனிய முடியல. நானே கடைக்குப் போயி..." அலமாரியில் இருந்த தங்க நிற டப்பாவைக் காட்டினாள். "நாப்பத்திரண்டு பவுண்டு. இதுக்கு மேல ஒசத்தியே இல்லன்னாங்க. அவர் வண்டிக்குப் போயி மலிவாவா வாங்குவேன்?"

விலை கூடினால் சரக்கும் கூடுதல் என்று நம்பும் நல்லவர்கள் இருப்பதால்தான் கடைவீதிகள் ஓடுகின்றன. காரின் க்ளட்ச் எண்ணெய் படாத இடத்தில் இருக்கிறது. இந்த வண்டியில் க்ளட்ச் தகடுகள் எண்ணெயிலேயே கிடந்து ஒன்றையொன்று கவ்வ வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்தவென்று வழுக்கும் சரக்கு சேர்த்த எண்ணெய் அங்கே போனால் பிடி விட்டுப்போகும். அவ்வளவுதான் சங்கதி. தகடுகளைக் கழற்றி பெட்ரோலில் அலசி, மலிவான எண்ணெயை ஊற்றினால் ஒரு மதியத்தில் சரியாகிவிடும்.

"நான்தான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

இல்லை என்ற ஒரு சொல் க்ளைவின் நாக்கில் தயாராக இருந்தது. அதைத் துப்பினால் தொள்ளாயிரம் பவுண்டு போகும் என்று தெரிந்ததும் விழுங்கினான். பெரிய டாக்டர்கள் விடுகிற மாதிரி மூச்சு ஒன்று விட்டான்.

"அப்படிச் சொல்ல மாட்டேன், தங்கம். ஆனா அந்த எண்ணெய் தகட்ட அரிச்சிடும். சங்கிலி, தகடு உக்கார்ற கூடை எல்லாமே போயிருக்கும். தொள்ளாயிரமாவது ஆகும்."

"லயனலுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரியாமப் போனாரே, அதுவே நல்லது."

இது கொசுறு. அவள் கேட்காமலே அள்ளிப் போட்டது.

மூவாயிரத்து எண்ணூறு என்று பெரில் விலை எழுதி வைத்திருந்த வண்டி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கைமாறியது. கறிக்கடையில் ஒரு சாசேஜ் குறைந்தாலும் திரும்பிப் போய்ச் சண்டை போடுகிறவள் பெரில். அன்று ஒரு பென்னி ஏற்றிக் கேட்கவில்லை. குற்றவுணர்ச்சியோடு நிற்பவளிடம் பேரம் பேசுவது, ஆளில்லாத கடையில் சாமான் எடுப்பது மாதிரி.

சனிக்கிழமை மதியம் ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டே தகடுகளை அலசினான். ஒன்றுகூடக் கருகவில்லை. கால் பைண்ட் அளந்து ஊற்றி மக்லோ மேட்டில் ஏற்றினான். கடித்த நாய் விடாத மாதிரி க்ளட்ச் பிடித்தது.

மறுநாள் க்ளென்ட்டில், கிளப் கூடும் பப்பின் முற்றத்தில், பெரில் வழக்கம்போல டீயும் பிரெட் புட்டிங்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோப்பையோடு ஒவ்வொருவருக்கும் அதையும் சேர்த்தே நீட்டினாள்: "தப்பான எண்ணெய ஊத்தி லயனல் வண்டிய நான்தான் கொன்னேன்."

கிளப் தலைவர் வில்ஃப் ரவுண்டுக்கு வாய் சும்மா இருக்காது. "எண்ணெய மாத்தி ஊத்தினதுக்கா? யார் சொன்னா?"

"தகடெல்லாம் கரிக்கட்டை, வில்ஃப்," என்று குறுக்கே விழுந்தான் க்ளைவ். "நீ பாத்தியா? ஆயிரத்து நாப்பது பவுண்டு பழுத்துடுச்சு."

"ஆயிரத்து நாப்பதா! என்னய்யா க்ளட்ச் அது, கிரீடத்துலேர்ந்து கழட்டினதா?"

சிரிப்பு அடங்கியதும் வில்ஃப், க்ளைவ் ஓட்டி வந்து நிறுத்தியிருந்த பிஎஸ்ஏவைப் பார்த்தார். பிறகு க்ளைவை. பிறகு பெரிலை. நாற்பது வருடம் பைக் பிரித்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் வில்ஃபின் நார்ட்டன் பைக் அப்போது க்ளைவின் கடையில் விலைக்கு நின்றது. வாங்க ஓர் ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"கரிக்கட்டைன்னா என்ன பண்ண முடியும்," என்றவர் பெரிய துண்டுப் புட்டிங்கால் தன் வாயை அடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பெரில் க்ளைவை ஓரமாக அழைத்து ஒரு உறையை நீட்டினாள்.

"நூத்தி நாப்பது. நாம தொள்ளாயிரம்தானே கழிச்சோம். செலவு அதுக்கு மேல ஆயிடுச்சே."

"அய்யோ, வேண்டாம் தங்கம்."

"பிடி. ராத்திரியெல்லாம் அந்த டப்பாதான் கண்ணு முன்னால வருது. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் நான்..." கோப்பைகளைத் துடைக்கிற துணியால் மூக்கைத் துடைத்தாள். "இதையாவது நேர் பண்ணினா தூக்கம் வரும்."

இப்போதும் சொல்லலாம். 'பெரில், நீ ஒண்ணும் கெடுக்கல.' ஐந்து வினாடி ஆகாது. ஆனால் அதற்கு அடுத்த கேள்வி, அப்படியானால் அந்த ஆயிரத்து நாற்பது எங்கே என்பது. வாங்கிக்கொண்டால் பாவம் அவளாவது தூங்குவாள் என்று க்ளைவுக்குத் தோன்றியது. வேண்டிய நேரத்தில் வேண்டியது தோன்றும் மனம் அவனுக்கு. உறையை உள்பையில் வைத்தான். கூச்சத்தோடு எண்ணாமலே வைத்தான். வீட்டுக்குப் போய் எண்ணினான். சரியாக இருந்தது.

அந்த மாதமே சோலிஹல்லிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் வண்டியை எடுத்துப் போனார். க்ளைவ் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான். உறையை வரவில் எழுதினால் அதற்கேற்ற செலவும் இருந்தாக வேண்டும். வரி கட்டுகிற நேரத்தில் அது இனிக்கவும் செய்யும். எழுதினான்.

வரவு: வண்டி விற்றது 4,250. பெரில் ட்ரான்டர், க்ளட்ச் செலவில் பங்கு 140.

செலவு: வண்டி வாங்கியது 2,900. எண்ணெய், பெட்ரோல் 9.50. புது க்ளட்ச் 1,040.

மிச்சம் 440 பவுண்டு 50. இரண்டு முறை கூட்டிப் பார்த்தான், பிசகவில்லை. ஆயிரத்து நாற்பதுக்கு நேரே, யாருக்குக் கொடுத்தது என்ற கட்டம் மட்டும் காலி.