எல்லைக்கல் பதுளைக்குப் போன சனிக்கிழமை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கதிர்காமத்துக் கந்தன் மேல் ஆணையிட்டு, உள்ளங்கையில் சூடம் கொளுத்தி அணைத்துச் சொல்லலாம். கூட்டியது ஒன்றுமில்லை. குறைத்தது மட்டும் ஓரிடத்தில் உண்டு: சிறுத்தையின் நீளத்தில் ஒரு முழம். உள்ளபடி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நத்தைமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிக்கிற ஜீவராணிக்கு ஒரே மகள், துஷாந்தினி. ஐந்தாம் வகுப்பை முடித்தவள். பதுளை டவுனில் ஒரு பெரிய பாடசாலை இருக்கிறது. பெயர் எதற்கு, வம்பு. அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே படிக்கத் தனி வகுப்பு தொடங்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். இருப்பது முப்பது இடம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை. எழுதப்போகிறவர்கள் நானூற்றுப் பத்துப் பேர். ஜீவராணிக்கு வேண்டியதெல்லாம் அந்த முப்பதில் ஒன்று. பதினெட்டு வருஷமாகக் கூடைக் கயிறு அழுத்தி அவள் உச்சந்தலையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மகளுக்குத் தலை சீவும்போதெல்லாம் அந்தத் தலை வழவழவென்று இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வாள்.

தோட்டத்துப் பாடசாலையில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒரே ஒருவர், யாழ்ப்பாணத்துப் பரமலிங்கம் மாஸ்டர். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தான்.

"இனி இந்தப் பிள்ளையின்ரை காதிலை இங்கிலீஷ்தான் விழோணும், ஜீவராணி. நாள் முழுக்கத் தமிழ் கேட்டுக்கொண்டு திரிஞ்சால் மண்டையிலை ஒண்டும் ஏறாது கண்டியளோ."

"அப்ப நீங்களே பேசுங்க சேர்."

"அதுக்கென்ன, நாளைக்குத் தொடக்கம் பேசுறன்."

அன்று பின்னேரம் அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். துஷாந்தினியின் காதில் விழுந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

ஜீவராணி இருந்தது வரிசை வீடான லயத்தில், காம்பரா என்கிற ஓர் அறையில். பக்கத்துக் காம்பராப் பெரியாயியிடம் போய் அழுதாள். பெரியாயியிடம் அழுதால் லயமே அழுதது போல. பொழுது சாய்வதற்குள் விஷயம் கோயில் தலைவர் சின்னராசாவிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் தள்ளிப்போனாலும் கரண்ட் வராமல் போனாலும் அவர் அதையே செய்வார். "புள்ளைக்குக் காப்புக் கட்டிருவோம்" என்றார்.

காப்பு என்றால் மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற மஞ்சள் கயிறு. கட்டிவிட்டால் விரதம். அடுத்த நாளே துஷாந்தினியின் மணிக்கட்டில் ஒன்று கட்டினார்கள். தோட்டத்துச் சந்தியில், பண்டாரவளை ரோட்டோரம் நிற்கிற எல்லைக்கல்லுக்கும் வேப்பிலை வைத்து ஒன்று கட்டினார்கள். இருபத்தொரு நாள், பரீட்சை முடிகிறவரை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசலாம். தெரியாதவர்கள் அந்தப் பிள்ளையின் காதுபட வாய் திறக்கக்கூடாது. தலைவர் இதைத் தமிழில்தான் அறிவித்தார். அதற்குப் பிறகு அந்த லயத்தில் சத்தமே இல்லை, ஏனென்றால் ஆங்கிலம் தெரிந்தவர் வவுனியாவில் இருந்தார்.

இருபத்திரண்டு காம்பரா, நூற்றுப் பதினாறு பேர், ஒரு பேச்சில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளைக் கையால் போட்டார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. சேவல்கள் இரண்டு நாள் கூவிப் பார்த்துவிட்டு, நாம் மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டன. ஆறாம் நாள் காட்டிலிருந்து எட்டு முழச் சிறுத்தை ஒன்று இறங்கி வந்து, ஆளில்லாத லயம் என்று நினைத்துப் பூட்டாத ஒரு காம்பராவில் மூன்று நாள் குடியிருந்தது. யாராலும் கூச்சல் போட முடியவில்லை. கடைசியில் பெரியாயி வாசலில் நின்று விரலை ஆட்டினாள். அது தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

லயத்திலிருந்து டவுன் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற நிவேதிகாவுக்கு ஆங்கில எழுத்துக் கூட்ட வரும். பொருள் தெரியாது; கூட்ட வரும். அவள் தன் பங்குக்கு இருமல் மருந்துப் போத்தல், உரமூட்டை, தீப்பெட்டி எல்லாவற்றிலும் இருந்ததைத் தமிழ் எழுத்தில் துண்டுக் கடதாசிகளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தாள். அதன் பிறகு காலையில் குழாயடிக்கு வருகிற துஷாந்தினியைப் பார்த்து எதிர்க் காம்பராக்காரர் "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று கும்பிடுவார். பெரியாயி தன் பங்குக்கு, "கீப் இன் எ கூல் பிளேஸ்" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். பிள்ளை எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்.

ஜீவராணிக்குக் கிடைத்த கடதாசியில் இருந்தது உரமூட்டையின் எடை. அதை மகளிடம் எத்தனை தரம் சொல்வது? மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் எதிரில் உட்கார்ந்து, பிள்ளை பழைய பரீட்சைத் தாளை வைத்துக்கொண்டு பென்சிலைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேள்வி கடினமா, பசிக்கிறதா, தலை வலிக்கிறதா, ஒன்றும் கேட்க முடியாது. கேட்டாலும், தாளில் இருக்கிற ஒரு வரிக்கு அவளால் உதவ முடியாது. கொழும்பில் கட்டட வேலை செய்கிற புருஷன் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். இந்தப் பக்கம் இவள் மூச்சு விடுவாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவான். பத்து நிமிஷத்தில் காசு தீர்ந்து கட் ஆகிவிடும்.

பதினோராம் நாள் துஷாந்தினி தாளை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா... அம்மான்னு கூப்புடலாமா? இல்ல அதுவும் தமிழா?"

ஜீவராணி ஒரு கையால் மகளின் வாயையும் மறுகையால் தன் வாயையும் பொத்திக்கொண்டாள். மூன்றாவது கை இருந்திருந்தால் கண்ணைத் துடைத்திருப்பாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தபாலில் அனுமதி அட்டை வந்தது. சனிக்கிழமை ஒன்பது மணி, பதுளை. அதைப் பார்த்த பெரியாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஜீவராணியையும் தலைவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பிள்ளையின் காதுக்கு எட்டாத ஏழாம் நம்பர் மலை உச்சிக்கு ஓடினாள். லயத்தில் பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள்.

"ஏன் தலைவரே, காப்புக் கட்டுன ஆளு காப்ப அவுக்கிற வரைக்கும் எல்லையத் தாண்டலாமா?"

"எப்புடித் தாண்டுறது? சாமிக் குத்தம்ல."

"பதுளை எங்க இருக்கு? எல்லைக்கு உள்ளயா?"

சின்னராசா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டார். அந்தக் கேள்வியைப் பத்தொன்பது நாளாக யாரும் யோசிக்கவில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள் திருவிழாவுக்காக வெளியூர் போகிறதில்லை.

"அவுத்துருங்க தலைவரே, எனக்குப் புள்ள பரீட்சை எழுதுனாப் போதும்" என்றாள் ஜீவராணி.

"நாளு முடியாம அவுத்தா வெரதம் பாழாயிரும்டி. நூத்திப் பதினாறு பேரு வாயப் பொத்திக்கிட்டு இருந்தது வீணாப் போயிருமே" என்றாள் பெரியாயி. "எம் மருமகள ஒரு வார்த்தை வையாம இருந்திருக்கேன். அது எம்புட்டுப் பெரிய கஷ்டம்னு அவளக் கேட்டுப் பாரு."

"நீங்க வையலன்னுதான் நான் ரெண்டு கிலோ கூடிட்டேன் மாமி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பரீட்சைய இங்க வந்து வைக்கச் சொல்லுவோமா?" என்றார் ஒருவர்.

"ஆமா, உங்க மாமனாரு வீட்டுப் பரீட்சை" என்றார் இன்னொருவர்.

சின்னராசா வெற்றிலையைத் துப்பினார். "புள்ள எல்லையத் தாண்டக்கூடாது. அம்புட்டுத்தானே? எல்லை முன்னுக்குப் போகட்டும். புள்ள பின்னுக்குப் போகட்டும். எல்லை போற வரைக்கும் தோட்டந்தான்."

"அட, இவ்வளவு மூளைய வச்சிக்கிட்டா தலைவரு போன எலெக்சன்ல தோத்தாரு?" என்றாள் பெரியாயி.

சனிக்கிழமை விடிந்ததும் பண்டாரவளை முஸ்லிம் வியாபாரி காமில் நானாவின் மரக்கறி லொறி வந்தது. எல்லைக்கல்லைப் பதினான்கு பேர் பிடுங்கி, லொறியின் முன்மூக்கில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். துஷாந்தினியையும் ஜீவராணியையும் பின்னால் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, தமிழ் விழாமலிருக்கப் பிள்ளையின் காதில் பஞ்சு அடைத்தார்கள்.

"நானா, சடார்னு பிரேக் அடிச்சிராதீங்க. கல்லு அங்கிட்டு நிக்கணும், புள்ள இங்கிட்டு நிக்கணும்" என்றார் சின்னராசா.

"நான் இருவத்தஞ்சு வருஷமா தக்காளி ஏத்துறேன் தலைவரே. ஒரு கல்லும் புள்ளையும் எனக்கு ஒரு பாரமா?"

லொறி போகப் போகத் தோட்டமும் கூடவே போனது. தெமோதரை தோட்டத்துக்குள் வந்தது. ஹாலிஎல வந்தது. சந்தியில் லொறியை மறித்த பொலிஸ்காரர் அந்த ஐந்து நிமிஷமும் நத்தைமலை ஆள்தான். அவருக்கு அது தெரியாது. எட்டரைக்குப் பதுளை பஸ் ஸ்டாண்ட் முழுக்க உள்ளே வந்துவிட்டது. தோட்டத்து மேலாளர் துரைக்கு விஷயம் போயிருந்தால் அவ்வளவு பேரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிட்டுக் கையில் கூடையைக் கொடுத்திருப்பார்.

பாடசாலை கேட்டில்தான் எல்லை நின்றது. வாட்ச்சர் கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும்.

"இது என்ன?"

"எல்லைங்க" என்றார் சின்னராசா.

"எல்லை உள்ளுக்கு ஏலாது. கார்ட், பேனை, தண்ணிப் போத்தல். அது மட்டும்."

"இது முன்னுக்குப் போனாத்தான் புள்ள வர முடியும்."

"அப்ப ரெண்டு பேரும் ஏலாது."

மணி எட்டு ஐம்பத்தைந்து. சப்பாத்தும் டையும் போட்ட பிள்ளைகள் கார்களிலிருந்து இறங்கி, அம்மாமாரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே ஓடின. அந்த அம்மாமாரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்கள். ஜீவராணி அவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். துஷாந்தினி கல்லுக்கு இந்தப் பக்கம், பேனையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்தாள். சின்னராசா வானத்தைப் பார்த்தார். மணி அடித்தது.

ஜீவராணி மகளின் கையை இழுத்து, மஞ்சள் கயிற்றை அறுக்காமல் மணிக்கட்டிலிருந்து உருவினாள். தோல் சிவந்தது. உருவிய கயிற்றைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் காதுப் பஞ்சை எடுத்தாள்.

"அடியே, காப்புக் கை மாறலாமா?" என்று பெரியாயி கத்தினாள்.

"வெரதம் எங்கிட்ட இருக்கட்டும்க்கா. அவ போகட்டும்." பிறகு மகளைப் பார்த்து, இருபத்தொரு நாளாகச் சேர்த்து வைத்திருந்த தமிழிலிருந்து, "போடி. ஓடு" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே இரண்டரை மணி நேரம். வெளியே ஜீவராணி கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன கேட்கிறார்கள், பிள்ளை எழுதுகிறதா, அழுகிறதா, ஒன்றும் தெரியாது. தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. கேட்டின் கம்பிகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு. திரும்ப எண்ணினாள். அதே நாற்பத்திரண்டு.

உள்ளே நடந்தது இதுதான். கடைசிப் பகுதி, கேட்டு எழுதுவது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், பிள்ளைகள் விடை எழுத வேண்டும். ஒலிபெருக்கி பழுது. சத்தம் எறும்பு நடக்கிற அளவுக்குத்தான் வந்தது. நானூற்றொன்பது பிள்ளைகளுக்கு ஒரு சொல் விழவில்லை. இருபத்தொரு நாள் அமைதியில் காது தீட்டப்பட்டிருந்த துஷாந்தினிக்குப் பேசியவர் இடையில் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. கேட்டதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை எழுதினாள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

திரும்பி வருவதில் ஒரு சிக்கல். காப்பு இப்போது ஜீவராணி கையில். தோட்டத்துக் கோயிலில்தான் அவிழ்க்கலாம். அதுவரை அவளும் எல்லையைத் தாண்டக்கூடாது. கல்லோ லொறியின் முன்மூக்கில். நேராக ஓட்டினால் கல் அவளுக்கு முன்னால் தோட்டத்துக்குள் போய்விடும், அவள் வெளியே நின்றுவிடுவாள். காமில் நானா கொஞ்சம் யோசித்தார். பிறகு பதுளையிலிருந்து நத்தைமலைச் சந்திவரை, எல்லா வளைவையும் சேர்த்து, லொறியை ரிவர்சிலேயே ஓட்டினார். ஹாலிஎலப் பொலிஸ்காரர் இந்த முறை மறிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துப் பெயர்ப்பட்டியலைப் பாடசாலை மதிலில் ஒட்டினார்கள். எல்லாம் ஆங்கில எழுத்து. ஜீவராணி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை வைத்துப் பார்த்தாள்; எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மகள் அந்த விரலைப் பிடித்து மேலே கொண்டுபோய் முதல் வரியில் வைத்தாள்.

"இதும்மா."

"நல்லாப் பாரு. வேற யாராவதா இருக்கப்போகுது."

"நான்தாம்மா."

ஜீவராணி விரலை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளிய பிறகும் எடுக்கவில்லை. வாட்ச்சர் வந்து, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று மற்றவர்களை ஒதுக்கினார். வீட்டுக்குப் போனதும் வெள்ளைத் துணி எடுத்து இரண்டு சீருடை தைக்கக் கொடுத்தாள். பிள்ளை வளருமே என்று கீழே நான்கு விரல் மடிப்பு விடச் சொன்னாள். ஜனவரி பிறக்கக் காத்திருந்தாள்.

ஜனவரி பிறந்தது, வகுப்பு தொடங்கவில்லை. அந்தப் பாடசாலையில் ஆங்கிலத்தில் நடக்கிற வகுப்பு எதுவும் இன்றுவரை கிடையாது.