ஒருவரையும் விடமாட்டோம்

தொழிலாளர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் காலையில், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், புதிதாக ஒரு பதாகை தொங்கியது: 'ஒருவரையும் விடமாட்டோம்!' வளர்ச்சியில் ஒருவரையும் பின்தங்க விடமாட்டோம் என்பதுதான் கம்பெனி சொல்ல வந்தது. மேலாளர் அதைக் கணினியிடம் கொடுத்துத் தமிழாக்கினார். பாதியைக் கணினி முழுங்கிவிட்டது.

அதைப் படித்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு விசா முடிந்து மாதக்கணக்காகிறது.

"மச்சான், ரெய்டு வருது! போர்டு மாட்டிட்டே வர்றானுங்க! ஓடியாங்க!" என்று கத்தினான் அங்கே தங்கியிருந்த வெல்டர் ஒருவனின் தங்கை புருஷன். சட்டையைக்கூட மாட்டாமல் பின்சுவர் ஏறிக் குதித்தான். மற்றவர்களும் அவன் பின்னால் குதித்தார்கள். பத்தே நிமிடத்தில் ஈ காக்கை இல்லை.

வெல்டர் மட்டும் நின்றான். அவன் விசா நாளையோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் மூன்று மாதமாக மேலாளரின் கையெழுத்துக்குத் தவம் கிடக்கிறது. அவன் எங்கே ஓடுவான்?

வந்தது ரெய்டு அல்ல, பரிசுக்குழு. மனிதரை மறக்காத நீடித்த வளர்ச்சிக்குப் பரிசு கொடுக்கிற பெரிய மனிதர்கள். இருபது கட்டிலில் நாற்பது பேர் முறைபோட்டுத் தூங்குகிற இடம் அது. ஷிப்ட் மாறினால் ஆள் மாறுவான், மெத்தையின் சூடு மாறாது. இன்றைக்கு அங்கே காற்று சிலுசிலுவென்று வீசியது.

"எவ்வளவு தாராளமா இருக்கு!" என்று பூரித்தார் குழுத்தலைவி. "இங்க எத்தனை பேர் தங்கியிருக்கீங்க?"

அவர் முதுகுக்குப் பின்னால் மேலாளர் கோப்பிலிருந்து வெல்டரின் நீட்டிப்புக் கடிதத்தை உருவினார். பேனா மூடியையும் கழற்றினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனாவை நிறுத்தி வெல்டரைப் பார்த்தார்.

"நான் ஒருத்தன்தாங்க," என்றான் வெல்டர். சொன்ன வெட்கத்தில் காது சுட்டது.

அங்கேயே கையெழுத்து விழுந்தது. பரிசும் கிடைத்தது. ஓர் ஆளுக்கு இருபது கட்டில் போட்ட புண்ணியவான்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

குழு எழுதிய கணக்கே விடுதியின் கணக்கானது. ரெய்டு புரளி என்று தெரிந்து சாயங்காலம் முப்பத்தொன்பது பேரும் திரும்பியபோது, காவலாளி கம்பிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்.

"லிஸ்ட்ல ஒரே ஆளுதான்பா இருக்கு."

"அண்ணே, அந்தா நிக்கிறாரு பாருங்க, எங்க மச்சான்தான். அவரையே கேளுங்க!"

காவலாளி திரும்பினார். "இவங்கல்லாம் யாருப்பா? உனக்குத் தெரியுமா?"

வெல்டரின் சட்டைப்பையில் கடிதம் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் தங்கை புருஷன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். வெல்டர் பொத்தானைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்தவன், நிமிரவே இல்லை.