நெளி விழுந்த நூல்

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. அது கொட்டியதை எல்லாம் பிறகு நான்தான் ஓடி ஓடிக் கூட்டி அள்ள வேண்டும். அப்படி அள்ளியே பழகியவள், ஒரே ஒரு முறை மட்டும் எழுந்திருக்காமல் வீம்பாக உட்கார்ந்துவிட்டேன். அது ஐம்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி.

அப்போது நாங்கள் திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கொல்லையும் கிணறும் இரண்டு குடித்தனத்துக்கும் பொது. ஒரு பக்கம் நானும் என் வீட்டுக்காரர் சுப்புராஜும். அவருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. மறுபக்கம் ஆனந்தமேரி. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவளுக்கும் என் வயதுதான், இருபத்தெட்டு இருக்கும். கைக்குழந்தையாக மடத்து வாசலில் விடப்பட்டு, அங்கேயே வளர்ந்து, அங்கேயே படித்து, வேலை கிடைத்த பிறகுதான் வெளியே வந்து தனி வீடு பார்த்தவள். வெளியுலகத்தில் அவளுக்குப் பல விஷயம் புதிது. வெந்தயக்குழம்பு கூட என் வீட்டில்தான் முதலில் சாப்பிட்டாள்.

அந்த ஆடியில் நான் இரண்டு மாதம் முழுகாமல் இருந்தேன். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போனவை. மருத்துவச்சி சிவனம்மாள், "கெணத்துல எறைக்காத, குடம் தூக்காத, செத்த நேரம் கூடக் குத்துக்கால் வச்சு உக்காராத" என்று பட்டியல் போட்டுவிட்டாள். பிறகு என்னதான் செய்வது? சும்மா உட்கார்ந்தால் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. நீ வேல செய்யி, நான் வாய் வேல செய்யுறேன்" என்றேன் மேரியிடம்.

"அது உனக்கு நல்லா வருமே" என்றாள் அவள்.

ஆடிப் பதினெட்டன்று அவரை, பீர்க்கு, புடலை, மூலையில் இரண்டு பூசணி. துவைக்கிற கல்லில் நான் மகாராணி போல உட்கார்ந்து உத்தரவு போடுவேன். மேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழி தோண்டுவாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. ஆனாலும் அவரை முளைத்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பி கூடக் குடிக்காமல் இருபது வாளி இறைப்பாள். அவள் கையில் கயிறு உரசிக் காய்த்துப்போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "பூசணிக்கு இன்னும் ரெண்டு வாளி ஊத்து" என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆவணியில் புடலை பிஞ்சு விட்டது. மேரி குழந்தை மாதிரிக் குதித்து, "அந்தா பாரு, அந்தா இன்னொண்ணு" என்று விரலை நீட்டினாள்.

"அடியே, விரல நீட்டாத! பிஞ்சு வெம்பிப் போகும்."

"கண்ணு பட்டாத்தான் வெம்பும்னு கேட்டிருக்கேன். விரலு பட்டாலுமா?"

"படவே வேணாம், நீட்டுனாலே போதும். மடக்கிக் காட்டு."

சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து மடக்கிய விரலால்தான் காட்டுவாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், "உன்னாலதான் சொர்ணம், இன்னிக்குக் கரும்பலகையக் கூட மடக்குன விரலால காட்டிட்டேன். பிள்ளைக எல்லாம் ஒரே சிரிப்பு" என்றாள். அவளுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. எனக்கு இருந்தது, அவளுக்கு அது போதும்.

தண்ணீர் இறைத்துக் கை கழுவிய பிறகு அவளுடைய பாடம் தொடங்கும். குரோஷாப் பின்னல். என் வீட்டுக்காரர் ஒரு பழைய குடைக்கம்பியை வெட்டி, சாவி ராவுகிற அரத்தால் நுனியில் கொக்கி போட்டு, எனக்கென்று ஓர் ஊசி செய்து கொடுத்தார். நூல் பேகம்பூரில் சேக் பரீது கடையில் வாங்கியது. முதல் வாரம் நான் பின்னிய சங்கிலியை மேரி தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஆட்டுக்குட்டியக் கட்டலாம்" என்றாள். புரட்டாசிக்குள் ஒரு தலையணை உறைக்கு ஓரம் முடித்துவிட்டேன். ஐப்பசி அடைமழையில் செடிக்குத் தண்ணீர் வேலை இல்லாமல் போக, இருவரும் சமையலறை வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே பின்னினோம். நான் வெள்ளையில் ஒரு மேசை விரிப்பு. எங்கள் வீட்டில் மேசை கிடையாது. அதனால் என்ன? விரிப்பு வந்துவிட்டால் மேசை தானாக வரும் என்றேன்.

"எல்லாம் நேராவே போகுது. வட்டமாப் பின்னச் சொல்லிக் குடு மேரி."

"அது பொங்கலுக்கு அப்புறம். பின்னல் கண்ணக் கூட்டணும், கொறைக்கணும். உனக்கு இன்னும் பொறுமை பத்தாது."

அந்த ஐப்பசியில்தான் ஐந்தாம் மாதம் கடந்தது. ஒவ்வொரு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழித்தேன். ஆறாம் மாதம் பிறந்த அன்று மேரி மாதா கோயிலுக்குப் போய் வந்தாள். அவள் விரலில் மெழுகு ஒட்டியிருந்தது.

பனி இறங்கியதும் அவரை பூத்துத் தள்ளியது. பூவோடு செடிப்பேனும் வந்தது. காலையில் பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலை அள்ளி மேரி தூவுவாள். தலையெல்லாம் சாம்பலோடு பள்ளிக்கூடம் போவாள். கொத்துக் கொத்தாகப் பிஞ்சு. கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

கிறிஸ்துமஸ் காலை. எனக்கு ஏழாம் மாதம். மேரி கோயிலிலிருந்து நேராகக் கொல்லைக்கு வந்தாள். புதுச் சேலை, தலையில் கனகாம்பரம். கையில் ஒரு தட்டு, அதன்மேல் துணி மூடியிருந்தது. பலகாரம் என்று நினைத்துத் தட்டை வாங்கித் துணியை எடுத்தேன்.

உள்ளே ஒரு குழந்தைக் குல்லாய். வெள்ளை நூல், ஓரத்தில் நீலம். உச்சியிலிருந்து சின்னச் சின்ன வட்டமாக விரிந்து வந்து, காதுப் பக்கம் இறங்கி, கட்டுவதற்கு இரண்டு நாடா. கையில் எடுத்தேன், என் உள்ளங்கையளவுதான் இருந்தது.

எங்கள் பக்கம் பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட எடுக்க மாட்டோம். பிறந்து வந்த பிறகும் முதலில் பழைய வேட்டிதான். புதுத்துணி வாங்கிக் காத்திருந்தால் பிள்ளை தங்காது என்பார்கள். மடத்தில் அப்படி இல்லை. யார் கொண்டுவந்து விடுவார்களோ என்று எந்நேரமும் குழந்தைத் துணி தைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். மேரியும் அப்படி யாருக்கோ தைத்து வைத்த துணியைப் போட்டு வளர்ந்தவள்தான். இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று எனக்குத் தெரிந்தது, போன இரண்டும், இருக்கிற ஒன்றும்தான்.

"என்ன காரியம் பண்ணியிருக்க? ரெண்டு போயிருச்சு, மூணாவதையும் கொண்டுபோகவா இத எடுத்துட்டு வந்த? பெத்தவ யாருன்னு தெரியாம மடத்துல வளந்தவளுக்கு நல்லது கெட்டது எங்க தெரியும்!"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. கொட்டிவிட்டேன்.

மேரி அழவில்லை. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். "தெரியாது சொர்ணம். நெசமாத் தெரியாது" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

குல்லாய் என் கையிலேயே இருந்தது. வைத்துக்கொள்ளப் பயம். பிள்ளையின் குல்லாயைத் தூக்கி எறிய அதைவிடப் பயம். திருப்பிக் கொடுக்க முகம் இல்லை. துணியாக இருந்தால்தானே தோஷம், நூலாகிவிட்டால் அது வெறும் நூல்தானே என்று எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுத்தேன். முதலில் நீலம் வந்தது, பிறகு வெள்ளை. அவள் எத்தனை சாயங்காலம் எனக்குத் தெரியாமல் பின்னினாளோ, அரை மணியில் பிரித்துவிட்டேன். பின்னிப் பிரித்த நூல் நேராகாது. நெளிநெளியாகவே கிடக்கும்.

அன்று மத்தியானம் காற்றில் அவரைப் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. வாழைநார் தீர்ந்திருந்தது. அந்த நூலை எடுத்துக் கொடியைக் கட்டினேன். வன்மத்தோடு கட்டவில்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலையில் மேரி வந்தாள். அவ்வளவு பேச்சுக்குப் பிறகும் தண்ணீர் இறைக்க வந்தாள். நான் சமையலறை சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பீர்க்குக்கு ஊற்றினாள், பூசணிக்கு ஊற்றினாள். அவரைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பந்தலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வெள்ளையும் நீலமுமாக நூல் ஆடிக்கொண்டிருந்தது. தையல் டீச்சருக்கு அந்த நெளியைப் பார்த்தால் தெரியாதா? கையை உயர்த்தி ஒரு முடிச்சைத் தொட்டாள். சுற்றிலும் பிஞ்சுகள். தொட்டபோதும் விரலை மடக்கித்தான் வைத்திருந்தாள்.

மீதி வாளிகளையும் இறைத்து ஊற்றினாள். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள்.

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வா. சுவரு ஒத்தச் செங்கல்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ள பொறக்கட்டும். நல்லபடியாப் பொறந்தா நானே கொண்டுபோயிக் காட்டுறேன்" என்றேன். நல்லபடியாகப் பிறக்காவிட்டால் அவளைக் குற்றம் சொல்ல வழி வேண்டும் என்று எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பொங்கலுக்கு மறுவாரம் வாசலில் மாட்டுவண்டி நின்றது. வத்தலக்குண்டில் ஒரு டீச்சர் வேலையை விட்டதால், இவள் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள் என்று வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும். நான் உள்ளேயே இருந்தேன். வண்டி போன பிறகு போய்ப் பார்த்தால், கிணற்றடியில் எனக்காக மூன்று குடம் நிறைத்து வைத்திருந்தாள்.

மாசியில் செல்லக்கிளி பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. தலை நிறைய முடி, வளவு கேட்கும் தொண்டை. சிவனம்மாள், "உன் வாயி அப்படியே வந்திருக்கு" என்றாள். அந்த வருஷம் மாசிப் பனி கடுமை. பிள்ளைக்குச் சளி கட்டிக் காதடைத்தது. பழைய வேட்டியைத் தலையில் சுற்றினால் செத்த நேரத்தில் நழுவியது. குடைக்கம்பி ஊசியை எடுத்து நானே ஒரு குல்லாய் பின்ன உட்கார்ந்தேன். எனக்கு நேராகத்தான் வரும். கண்ணைக் கூட்டினால் தட்டு மாதிரி விரிந்தது. குறைத்தால் சுருண்டுகொண்டது. நான்கு முறை பிரித்தேன். பங்குனியில் அவரைக்கொடி காய்ந்ததும் பந்தலிலிருந்து அந்த நூலை அவிழ்க்கப் பார்த்தேன். வெயிலில் இற்றுப்போய், தொட்டதெல்லாம் அறுந்து வந்தது.

ஆவணியில் பழனியில் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த மறுவாரம், அவரை விதையை ஒரு துணியில் முடிந்துகொண்டு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினேன்.

மேரி ஒரு மாடி அறையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க. உக்காருங்க. பஸ்ஸுல கூட்டமா?"

அதுவரை என்னை அவள் 'நீ' என்றுதான் பேசியிருக்கிறாள், 'வாங்க' என்றதே இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட எனக்குத் தெரியும்.

"மேரி, அன்னிக்கு நான் பேசுனது..."

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப? பிள்ள நல்லா இருக்குல்ல, அது போதும்."

செல்லக்கிளி அவள் மடிக்குத் தாவினாள். மேரி சந்தனம் பூசிய மொட்டையைப் பார்த்தாள். பிறகு, தன்னை அறியாமல், காதிலிருந்து உச்சி வழியாக மறுகாதுக்குச் சாண் வைத்து அளந்தாள். அளந்த கை அப்படியே நின்றது.

"அது இருந்திருந்தாலும் இப்பப் பத்தாதுங்க" என்றாள்.

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் வாய்விட்டு அழுதேன். வட்டம் பின்னச் சொல்லிக்கொடு என்று கேட்பதற்காகவே ஊசியைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வெளியே எடுக்கவில்லை. விதையைக் கொடுத்தேன். "இங்க மண்ணு இல்லையேங்க" என்று சொல்லிவிட்டு, எனக்காக வாங்கி மேசைமேல் வைத்தாள். அவளிடம் மேசை இருந்தது.

பஸ் நிலையம்வரை கூட வந்தாள். நல்ல வெயில். தன் குடையை விரித்து, தான் வெயிலில் நடந்து, வழி முழுக்கப் பிள்ளையின் மொட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும் சன்னலோரம் வந்து நின்றாள். பிள்ளை அவள் குடைக்கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மெதுவாகப் பிரித்துவிட்டாள். பஸ் உறுமியது. ஒரே ஒரு தடவை, திட்டுவதற்காகவாவது, சொர்ணம் என்று கூப்பிட்டுவிடமாட்டாளா என்று தலையை வெளியே நீட்டியபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தல பத்திரம். பாத்துப் போங்க" என்றாள்.