மேனேஜரின் இரண்டாவது குற்றம்

அத்தான் வீட்டு சோபாவுக்கு அந்த வீட்டில் என்னைவிட மரியாதை அதிகம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அது எனக்கு முன்பே வந்தது. அசல் தோல், வெண்ணெய் நிறம். பதவி உயர்வு கிடைத்த கையோடு வாங்கினார். வாங்கிய பிறகும் வெகுநாள் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனம் வரவில்லை. வந்த விருந்தாளிகள் எல்லாரும் உறைமேல் உட்கார்ந்து, எழும்போது உறை போட்ட சத்தத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே விடைபெற்றார்கள்.

நான் அக்கா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவன். என் பொறுப்பில் ஒரு பூனையும் தங்கியிருக்கிறது. மழை நாளொன்றில் என் பின்னாலேயே வந்து, என்னைவிடச் சுலபமாக அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லா அறைக்கும் போய் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதால் அதற்கு மேனேஜர் என்று பேர். வைத்தது அக்கா. அத்தானின் பதவியும் அதுதான் என்பதை இதுவரை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

மேனேஜர் முதல் குற்றத்தைச் செய்தது உண்மைதான். சோபா இருக்கையின் நட்டநடுவில் மூத்திரம் பெய்து வைத்தது. நான் பதறிப்போய்ப் பழைய துணியால் பரபரவென்று தேய்த்தேன். தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் ஈரம் தோலுக்குள் இறங்கிவிடும் என்பதைத் தேய்த்து முடித்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பதால் ஆராய்ச்சி என்று அழைக்கப்படும் என் வகுப்புத் தோழன் வினிகர் ஊற்றச் சொன்னான். அக்கா சமையல் சோடாவைத் தூவச் சொன்னாள். யார் மனதும் புண்படக் கூடாதென்று இரண்டையும் போட்டேன். அவை பொங்கி, ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கறையை அப்படியே விட்டுவிட்டன. பிறகு ஜன்னல் துடைக்கும் திரவம். அதில் அமோனியா உண்டு, மூத்திரத்தின் வாடையும் அதுதான். மேனேஜர் மோந்து பார்த்துவிட்டு, வேறு ஏதோ பூனை இங்கே வந்து இடம் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, அதற்குமேல் தன் உரிமையை மறுபடி நிலைநாட்டியது. இதை நான் தனிக் குற்றமாகச் சேர்க்கவில்லை. தூண்டிவிட்டது நான்.

கடைசியில் வளர்ப்புப் பிராணிக் கடையில் கிடைத்த என்சைம் திரவம்தான் காப்பாற்றியது. நனைத்து, மூடி வைத்து, பொறுமையாக ஒற்றி எடுத்து, காய்ந்ததும் தோல் வெடிக்காமலிருக்கக் கிரீம் தடவினேன். கறை போனது, வாடையும் போனது. ஆனால் அத்தானுக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு தடவை நடந்தால் மேனேஜரை மரக்கடை நண்பரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவர் கடையில் எலித் தொல்லையாம். அந்தக் கடையில் இரண்டு நாய்களும் உண்டு. முன்பு அங்கே போன பூனைகள் என்ன ஆயின என்று கேட்டேன். அத்தான் பேச்சை மாற்றினார்.

இந்த நிலையில்தான் இரண்டாவது கறை வந்தது. இந்த முறை சோபாவின் முதுகில், ஓரத்தில், கறுப்பாக வட்டமாக. அத்தான் தினமும் சாய்ந்தபடி செய்தி பார்க்கிற இடம்.

"உன் ஆளு வேலையக் காட்டிட்டான் பாத்தியா, மாப்ள" என்றார். ஞாயிற்றுக்கிழமை மரக்கடை நண்பர் வருகிறாராம். அதற்குள் கறை போகாவிட்டால் அவர் மேனேஜரைக் கூடையில் போட்டு எடுத்துப்போவார்.

என்சைமை ஊற்றினேன். கறை அசையவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். மங்கியது. மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் அதே வட்டம், தெளிவாக. மீண்டும் துடைத்தேன். மீண்டும் வந்தது. காலையில் கல்லூரி, மாலையில் கறை என்று என் படிப்பு நடந்தது. மேனேஜரை இரவெல்லாம் என் அறையில் பூட்டி வைத்தும் பார்த்தேன். கறை கவலைப்படவே இல்லை.

ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கும்போதுதான் கையிலிருந்த துணியைக் கவனித்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. மேனேஜர் ஆரஞ்சு நிறம். அதன் உடம்பிலிருந்து எது வெளியே வந்தாலும் கறுப்பாக வர வாய்ப்பில்லை. மோந்து பார்த்தேன். பூனை வாடை இல்லை. சனிக்கிழமை காலையில் குளியலறையில் அடிக்கும் வாடை. அன்றைக்கெல்லாம் அத்தான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருப்பார். வெளியே வரும்போது தலைமுடி வேர்வரை கறுத்திருக்கும். மீசையும்தான்.

துணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது பூனை இல்ல. அத்தானோட ஹேர் டை."

அக்கா நிமிரவில்லை. "அவருக்கு நரைக்கல" என்றாள்.

"துணியப் பாரு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருக்கு நரைக்கல. புரியுதா? அவரா சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இங்க இருந்து படிக்கணுமா வேணாமா?"

புரிந்தது. குற்றவாளி யாரென்று தெரியும், தடயம் கையில் இருக்கிறது, தீர்ப்புச் சொல்கிறவரே அந்தக் கறைமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் மேனேஜர் பிழைக்கும், நான் வெளியே போக வேண்டும். நான் போனால் மேனேஜரும் என்னோடு போகும். அதற்கு மரக்கடையே மேல் என்றும் மேனேஜர் நினைக்கக்கூடும்.

சோபா முதுகில் ஒரு துண்டை விரித்து வைத்தேன். சலூன் மாதிரி இருக்கிறது என்று அத்தான் எடுத்து எறிந்தார். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்று ஆராய்ச்சி சொன்னதாகச் சொன்னேன். ஆராய்ச்சியைத் தன் முதுகெலும்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை, நண்பர் வருகிறாரென்று அத்தான் குளியலறையில் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ராத்திரி அவர் படுக்கப் போனதும் நான் கடைசித் தடவையாக உட்கார்ந்து தேய்த்தேன். கறை டீ நிறத்துக்கு வந்தது. அதற்குமேல் தேய்த்தால் தோலின் நிறமே உரியும் போலிருந்தது. பயந்துபோய் டப்பாவில் மிச்சமிருந்த கிரீம் முழுவதையும் முதுகு நெடுகத் தடவிவிட்டேன். காலையில் சோபா எண்ணெய் தேய்த்த பயில்வான்போல் மின்னியது. அத்தான் குனிந்து பார்த்தார். இன்னும் தெரிகிறது என்றார்.

நண்பர் வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அத்தானோடு பள்ளியில் படித்தவர். அவர் முடி அத்தானுடையதைவிடக் கறுப்பு. வந்த உடனே மேனேஜரைக் கூடையில் போட்டு மூடிக் கட்டினார்கள். அது கத்தவில்லை. இடுக்கு வழியாக எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. அத்தான் தன் ஓரத்தில் சாய்ந்தார், நண்பர் மறு ஓரத்தில் சாய்ந்தார். முழங்கால் வலியைப் பற்றி நிறையப் பேசினார்கள். நான் கூடைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன்.

நண்பர் கிளம்பலாமென்று எழுந்தார். அத்தானும் எழுந்தார்.

சோபா முதுகில் இரண்டு வட்டங்கள். இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. கிரீமில் ஊறி, இரண்டும் பளபளத்தன. மூன்று பேரும் பார்த்தோம்.

அக்கா தட்டில் டம்ளர்களோடு வந்தாள். சோபாவைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.

"பூனை கூடைக்குள்ளதான இருக்கு?" என்றாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்கிற குரலில்.

"ஆமா" என்றேன்.

நண்பரின் கை தன் பின்னந்தலைக்குப் போகத் தொடங்கி, பாதியில் நின்று, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. அத்தான் குனிந்து தோலை நகத்தால் தட்டினார், தடவினார்.

"தோலே சரியில்ல" என்றார்.

"சாயம் விடுது" என்றார் நண்பர் அவசரமாக. "இப்பல்லாம் எல்லாமே போலி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அக்கா.

நண்பரே குனிந்து கூடையின் கட்டை அவிழ்த்தார். கடையில் இப்போது எலி அவ்வளவாக இல்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். மேனேஜர் வெளியே வந்து, அவர் செருப்பை மோந்துவிட்டு, சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டது. யாரும் விரட்டவில்லை.

நண்பர் போனதும் அத்தான் என்னைக் கூப்பிட்டார். நாளைக்கு நான் சோபா வாங்கிய கடைக்குப் போக வேண்டுமாம். போட்டோவைக் காட்டிச் சண்டை போட வேண்டுமாம். மாற்றிக் கொடுக்கிற வரைக்கும் நகரக் கூடாதாம்.

"தோல்லேர்ந்து கறுப்புச் சாயம் இறங்குதுன்னு தெளிவாச் சொல்லு மாப்ள. விட்டுக் குடுத்துராத. அதுவரைக்கும் இந்த ரெண்டையும் தொடச்சு வை."

வெண்ணெய் நிறத் தோலுக்குள் கறுப்புச் சாயம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் கேட்பார். குழந்தைகூடக் கேட்கும். சரி அத்தான் என்று சொல்லிவிட்டு, வெந்நீர் எடுத்துவர வாளியைத் தேடிப் போனேன்.