நூற்றுப் பதினேழு வாக்குகள்

கார்காலம் தன் கடைசி மேகத்தையும் கறந்துவிட்டு ஓய்ந்திருந்தது. ஈரம் உலராத சுவர்களும் வெளிறிய வானமும், பிழை செய்தவன் நெஞ்சம்போல், எதற்கோ அஞ்சிக் காத்துக் கிடந்தன. தெருவெங்கும் தேர்தல் சுவரொட்டிகள் நைந்து தொங்கின.

தையற்காரரின் கடையில் புதிய மோட்டார் தையல் இயந்திரம் பளபளத்தது. தேர்தலில் வென்ற ஒப்பந்தக்காரர் கொடுத்தது. அதற்கு ஈடாகத் தையற்காரர் சுயேச்சை வேட்பாளராகப் பெயர் கொடுத்தார். இவர் பெயரில் அனுமதி பெற்ற மூன்று வேன்கள் ஒப்பந்தக்காரருக்காக ஓடின. அந்தச் செலவு இவர் கணக்கில் ஏறவே, ஒப்பந்தக்காரரின் செலவு சட்டத்தின் வரம்புக்குள் அடங்கியது.

இன்று ஒப்பந்தக்காரரின் மைத்துனன் தையற்காரர் பெயரிலான தேர்தல் செலவு அறிக்கையோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கையெழுத்துதாண்ணே. சொத்தையே எழுதிக் குடுக்கிற மாதிரி யோசிக்கிறீங்களே! நீங்க வாங்கின நூத்திப்பதினேழு ஓட்டுக்கு இவ்வளவு பந்தாவா?"

தையற்காரர் பேனாவை எடுத்தபோது, பள்ளிக்கூடம் பெருக்கும் அக்கா கிழிந்த சட்டையொன்றோடு படியேறினாள்.

"தம்பி, தோத்துட்டோம்னு மூஞ்சியத் தொங்கப்போடாத. எங்க வீட்டு நாலு ஓட்டும் உனக்குத்தான்."

"எனக்கா? ஏன்க்கா?"

"மத்தவங்க எல்லாம் கவர்ல பணம் குடுத்தாங்க. நீ ஒருத்தன்தான் குடுக்கல. மானஸ்தன்னு சொல்லி, வீட்டுக்காரரோட சண்டை போட்டுப் போட வச்சேன்."

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். தையற்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. வெல்லும் எண்ணம் இல்லாதவன் யாருக்கு எதற்குக் கொடுப்பான்?

"அக்கா, நான் ஜெயிக்க நிக்கல. இவங்க வேன் ஓட்டப் பேர் குடுத்தேன். இந்த மெஷினுக்காக."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அப்போ எங்க நாலு ஓட்டும் வேனுக்கா போச்சு?"

தையற்காரர் அறிக்கையை இழுத்து, வேன்கள் தமக்காக ஓடவில்லை என்றும் அவை யாருக்காக ஓடின என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். மைத்துனன் தாளைப் பறிக்கக் கை நீட்டினான்; அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, கேஸ் உங்க மேலயும்தான் வரும்!"

"வரட்டும்ப்பா. மெஷினத் தூக்கிட்டுப் போ. இதத் தேர்தல் ஆபீஸ்ல நானே குடுத்துக்கறேன்."

செருப்பைக் கழற்றி, கிழக்கு நோக்கிக் கைகூப்பிக் கண்மூடி நின்றார். தம்மைக் காக்கும்படி வேண்ட மனம் கூசிற்று. இறைவன் பெயரை மட்டும் உதடுகள் முணுமுணுத்தன.

அதுவரை பொறுத்திருந்த அக்கா, அவர் தலைமேல் கை வைத்தாள்.

"போயிட்டு வா தம்பி. அங்க உன் நாக்கு குழறாம இருக்கட்டும். நீயும் உன் வீடும் நல்லா இருக்கணும்."