தங்கைக்குக் கொடுத்த சுழல்கம்பி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. போன சனிக்கிழமை என் தங்கை யானெரிஸ் ஒரு மேடையில் ஏறி, எனக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகச் சொல்லி அழுதாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையிலிருந்து நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "பர்ராங்கியாவில் வெயில் கொளுத்திய ஒரு மதியம், இரண்டு சகோதரிகள்—" வேண்டாம். எங்கள் ஊரில் வெயில் கொளுத்தாத மதியம் ஏது?

இரண்டாவது: "சிறு வயதிலிருந்தே அவள் என்னிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்—" இதுவும் வேண்டாம். அவள் பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

2

என் பெயர் எடில்மா. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒரு சிகிச்சையை மறுத்தால், எங்கள் நாட்டில் வக்கீல் இல்லாமலே நீதிபதிக்கு மனு போடலாம். பத்து நாளில் தீர்ப்பு வந்தாக வேண்டும். எழுத வராதவர்கள் என்னிடம் வருவார்கள். பதினோரு வருடமாக ஊரார் நோயை "நான்", "எனக்கு" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். (கதை எழுதக் கற்றதும் அங்கேதான். ஆனால் கதைகளுக்கு யாரும் தீர்ப்பு அனுப்பியதில்லை.)

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பருமன். அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் முதலில் கால் போனது, பிறகு உயிர் போனது. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை கேட்டேன். "இது அழகுக்கான சிகிச்சை, காப்பீட்டில் வராது" என்று நிறுவனம் கடிதம் அனுப்பியது. மனு போட்டேன், தோற்றேன். "மனுதாரரின் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை" என்றார் நீதிபதி.

ஆதாரம் இருந்தது. நான் எழுதவில்லை.

3

நடந்தது இதுதான். எங்கள் ஊர் பஸ்களில் ஏறியதும் ஓட்டுநர் பக்கத்தில் ஆளை எண்ணுகிற சுழல்கம்பி இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை அதில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஓட்டுநர் எழுந்துவந்து என் இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். "கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்திக்கு அதற்கு முந்தைய வாரம்தான் நான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து வேலைக்கு நாற்பது நிமிடம் நடக்கிறேன். விஷயத்தை யானெரிஸிடம் மட்டும் சொன்னேன். அடுத்தவர் மூலநோயைக் கூசாமல் மூன்று பக்கம் எழுதுகிறவளுக்கு, தன் இடுப்பைப் பற்றி ஒரு வரி எழுத வெட்கம்.

4

யானெரிஸை எப்படிக் காட்டுவது என்பதில் எனக்குச் சிக்கல். முந்தைய பிரதியில் அவளைத் தீனிப்பண்டாரமாக எழுதியிருந்தேன். பொய். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் அவள். எனக்கு முன்னாலேயே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது. அவளும் அறுவை சிகிச்சை கேட்டாள். எனக்கு வந்த அதே கடிதம், பெயரை மட்டும் மாற்றி, அவளுக்கும் வந்தது. முதல் நீதிபதியும் மறுத்துவிட்டார். மேல்முறையீடு செய்ய மூன்று நாள்.

கறி அடைத்த மரவள்ளி உருண்டையைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அக்கா, நீ எழுதினாத்தான் ஜெயிக்கும்."

"என்னுது ஜெயிச்சுதாக்கும்?"

"உனக்கு ஊருக்கு எழுதத் தெரியும்க்கா. உனக்கு எழுதிக்கத்தான் தெரியாது."

உருண்டை நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் நான் ஒரு வரி எழுதவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. காகிதங்கள் இழுப்பறையில் கிடந்தன. "வேலை ஜாஸ்தி" என்றேன். உள்ளே ஓடியது வேறு: அவளும் தோற்றால் நாங்கள் சமம். (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து அழித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

மூன்றாம் நாள் மதியம் வந்து என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வார்த்தையில் தூங்கிப்போனாள். குறட்டை வந்தது. திடீரென்று குறட்டையும் நின்றது, மூச்சும் நின்றது. எண்ணினேன். ஒன்று, இரண்டு... பதினெட்டு. உதடு நீலமாகிவிட்டது. பாய்ந்துபோய்த் தோளை உலுக்கினேன். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவள்போல ஒரு பெருமூச்சு இழுத்தாள்.

"என்னக்கா, எழுதிட்டியா?"

"இதோ, முடிஞ்சுது" என்று சொல்லி அப்போதுதான் ஆரம்பித்தேன்.

5

கை தானாக ஓடியது. மூச்சு நின்றதை எழுதினேன், முழங்காலை எழுதினேன், அம்மாவின் காலை எழுதினேன். நான்காவது பக்கத்தில் சுழல்கம்பி வந்து நின்றது. ஓட்டுநரின் கை, வெண்ணெய், சிரிப்பு, எல்லாமே. என் மனுவில் எழுத முடியாமல் போனது அவள் பெயரில் ஒரு பிழைகூட இல்லாமல் வந்தது.

யானெரிஸ் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"இது உனக்கு நடந்ததுல்ல?"

"கையெழுத்துப் போடு."

"சத்தியமாச் சொல்றேன்னு மேல போட்டிருக்கேக்கா..."

"அம்மா வயித்துல ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான கெடந்தோம்? போடு. கோர்ட்ல மனு வாங்குற ஜன்னல மூடிடப்போறான்."

போட்டாள். மூடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தோம்.

6

ஜெயித்தது. மேல் நீதிபதியின் தீர்ப்பில் ஒரு பத்தி முழுக்கப் பஸ்தான். "இந்த அவமானத்தை அழகுப் பிரச்சினை என்று எவரும் சொல்ல முடியாது." பதினோரு வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம். அடியில் வேறொருத்தி பெயர்.

மூச்சு நின்றதை மட்டும் எழுதியிருந்தாலே போதுமாயிருக்குமோ? வீணாகத்தான் கொடுத்தேனோ? தெரியாது. அறுவை அவள் வயிற்றில், எரிச்சல் என் வயிற்றில்.

அறுவை முடிந்து பதினான்கு மாதம். அரைக் கிண்ணம் சூப்பில் அவளுக்கு வயிறு நிறைகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதில்லை. இதற்கெல்லாம் நான் சந்தோஷப்படுகிறேன் என்று எழுதினால் அது பொய்யல்ல, பாதி. மறு பாதி: அவளுடைய பழைய கவுன்களைத் துவைத்து மடித்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கின்றன.

7

அந்தச் சனிக்கிழமை, அறுவை சிகிச்சைக்காகக் காப்பீட்டு நிறுவனங்களோடு போராடுகிறவர்களின் கூட்டம். யானெரிஸைப் பேச அழைத்திருந்தார்கள். பஸ்ஸைத்தான் சொன்னாள். என் மனுவில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்: எல்லோரும் சிரித்தபோது முன்சீட்டில் ஒரு சின்னப் பெண் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினாளாம். அப்படி யாரும் இல்லை. ஆனால் அந்தப் பெண் வந்ததும் கூட்டம் அழுதது. அது எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். "அந்தப் பொண்ணு யாருடி?"

"சொல்லிட்டிருக்கும்போதே வந்துட்டாக்கா. நீ அப்ப தனியா நின்னியே, யாராவது கை நீட்டியிருக்கணும்னு தோணுச்சு."

அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

"போன மாசம் எனக்கும் சர்க்கரைன்னுட்டாங்க" என்றேன்.

நின்றுவிட்டாள். "அப்ப புது மனு போடலாம்ல! பஸ்ஸ எழுதுக்கா."

"எப்படி எழுதுவேன்? அது உன் பேர்ல சத்தியமா பதிவாகியிருக்கு. அதே பஸ், அதே வெண்ணெய். ரெண்டு பேர்ல ஒருத்தி சொல்றது பொய்யின்னு தெரிஞ்சுடும்."

"நான் போய் ஜட்ஜம்மாகிட்ட சொல்றேன், அது என்னுது இல்ல, எங்கக்காவுதுன்னு."

"பைத்தியமா? கேஸ் போடுவாங்க."

"போடட்டுமே. என்ன, வயித்தத் திருப்பி ஒட்டியா விடுவாங்க?"

சிரித்தாள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் அவளுடைய உடம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டதைவிட அந்த நிமிடம் அதிகமாகப் பட்டேன்.

8

முடிவாக இரண்டு எழுதி, இரண்டையும் கிழித்தேன். ஒன்றில் பஸ் இல்லாமல் மனு போட்டு மறுபடி தோற்கிறேன். எல்லோருக்கும் என்மேல் இரக்கம். இன்னொன்றில் உண்மையை எழுதி ஜெயிக்கிறேன். யானெரிஸ் விசாரணைக் கூண்டில் நிற்கிறாள், நான் அவளுடைய பழைய கவுனில் பின்வரிசையில்— இல்லை.

இன்று யானெரிஸ் காலையிலேயே வந்துவிட்டாள். கடையில் என் எதிரே உட்கார்ந்து அவளே தட்டச்சு செய்கிறாள், ஒற்றை விரலால், ஆயிரம் பிழையோடு. நான் சொல்லச் சொல்ல அடிப்பதாக ஏற்பாடு. "எடில்மா ஆகிய நான், வயது முப்பத்தொன்பது, சத்தியமாகச் சொல்வதாவது:" என்பதுவரை வந்து நிறுத்தியிருக்கிறாள்.

"சொல்லுக்கா" என்கிறாள்.

மனு எழுதப் பதினோரு வருடம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்றைக்கு ஒரு நாள், படிக்கிறவரே, நீங்கள் சொல்லுங்கள்: பஸ் வரட்டுமா, வேண்டாமா? அவள் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள்.